மகள் வீடு அமெரிக்காவில்... ஓடிபி வந்தது கும்பகோணம் பீரோவில்!

நியூ ஜெர்சியில் இரவு பத்தரை மணி. கும்பகோணத்தில் மறுநாள் காலை எட்டு மணி.

மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அந்த ஓய்வுபெற்ற டீச்சர். வயது 67. மகளின் பிரசவத்துக்காக வந்து இரண்டு மாதம் ஆகிறது. உள்ளறையில் பதினெட்டு நாள் பேத்தி தூங்குகிறாள். ஊரில் தம்பிக்கு நெஞ்சுவலி. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டென்ட் வைக்க வேண்டும், உடனே 80,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தம்பி மனைவி அழுதபடி பேசி வைத்து அரை மணி நேரம்தான் ஆகிறது.

டீச்சரின் கணக்கில் பணம் இருக்கிறது. நெட் பேங்கிங் தெரியும். தம்பியின் கணக்கு எண்ணும் ஏற்கெனவே பதிவில் இருக்கிறது. தொகையைப் போட்டு பட்டனை அழுத்தியதும் திரையில் ஒரு வரி வருகிறது. பதிவு செய்யப்பட்ட கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பியாகிவிட்டதாம்.

அந்த எண் எங்கே இருக்கிறது? கும்பகோணம் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு பழைய பட்டன் போனுக்குள்!

துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக வீட்டுச் சாவி எதிர்வீட்டுக்காரரிடம் இருந்தது. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டதும் அந்த அம்மா ஓடிப்போய் கதவைத் திறந்தார். சாமி அலமாரியில் இருந்த பீரோ சாவியைத் தேடி எடுத்தார். போனும் கிடைத்துவிட்டது. ஆனால் சார்ஜ் இல்லை. சார்ஜரைத் தேடிச் செருகி, போன் உயிர் பெற இருபது நிமிடம். அதன்பிறகும் ஓடிபி வரவில்லை. ரீசார்ஜ் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எதிர்வீட்டு அம்மாவின் மகன் தன் போனிலிருந்து ரீசார்ஜ் செய்தான். மெசேஜ்கள் வர ஆரம்பித்தன.

“டீச்சர், ஓடிபியை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அதுலயே போட்டிருக்கே... சொல்லலாமா?”

“பரவாயில்லம்மா, நீங்க சொல்லுங்க.”

“மூணு, ஒண்ணு, எட்டு... இது ஆறா, எட்டான்னு தெரியலையே. இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வரேன்.”

கண்ணாடி வருவதற்குள் நேரம் முடிந்தது. அடுத்த ஓடிபியில் ஓர் எண் தப்பு. அதற்கடுத்ததிலும் தப்பு. அன்றைக்குப் பணம் அனுப்பும் வசதியையே நிறுத்திவைத்தது வங்கி.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, “அத்தை, நீங்க விடுங்க. நான் அனுப்பிடறேன்” என்றார். ஐந்து நிமிடத்தில் பணம் போய்ச் சேர்ந்தது. தம்பிக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் டீச்சருக்குத் தூக்கம் வரவில்லை. “முப்பத்தி நாலு வருஷம் சம்பாதிச்சேன். என் தம்பிக்கு, என் பணத்தை, என்னால கொடுக்க முடியலையே” என்று மகளிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் கையிலிருந்த ஸ்மார்ட்போனில் இரண்டு சிம் போடலாம். இரண்டாவது இடம் காலியாகத்தான் இருந்தது. கிளம்பும் அன்று அந்தப் பழைய சிம்மைக் கழற்றி இதில் போட்டிருந்தால் கதையே வேறு!

பிபி நம்பர் காலமும் ஓடிபி காலமும்

நடுத்தர வயதுக்காரர்களுக்கு ‘பிபி நம்பர்’ ஞாபகம் இருக்கும். தெருவில் ஒரு வீட்டில்தான் போன் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த எண்ணைப் போட்டுப் பக்கத்தில் ‘பிபி’ என்று அச்சடிப்பார்கள். யாராவது கூப்பிட்டால் அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து சொல்வான். வெளிநாடு போனவருக்கு வந்த தகவல், அவர் திரும்பி வரும்வரை அந்த வீட்டு டைரியில் காத்திருக்கும். யாருக்கும் எதுவும் குடிமுழுகிப் போகாது.

மேல்நாடுகளில் அப்போதே வேறொரு வசதி வந்திருந்தது. ஆன்சரிங் மெஷின். ஆள் இல்லாத நேரத்தில் வரும் அழைப்பை அது பதிவு செய்து வைக்கும். ஊருக்குப் போனவர் அங்கிருந்தே தன் வீட்டு எண்ணுக்கு போன் போட்டு, ரகசிய எண்ணை அழுத்தினால், பதிவான தகவல்களைப் போட்டுக் காட்டும். பிறகு கைபேசிகளில் வாய்ஸ்மெயில் வந்தது. அதையும் வேறொரு போனிலிருந்து கேட்கலாம்.

நமக்காகத் திறக்கும் கதவு அடுத்தவருக்கும் திறக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டியது இந்த வாய்ஸ்மெயில்தான். பலர் நிறுவனம் கொடுத்த ரகசிய எண்ணை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ பத்திரிகைக்காக வேலை பார்த்தவர்கள் பிரபலங்கள் முதல் சாதாரண மனிதர்கள் வரை பலரது வாய்ஸ்மெயில்களை ஒட்டுக்கேட்டது அம்பலமானது. 168 ஆண்டுகள் நடந்த அந்தப் பத்திரிகை 2011 ஜூலையில் இழுத்து மூடப்பட்டது.

அந்தக் காலத்தில் வீட்டு போனில் காத்திருந்தவை வெறும் தகவல்கள். இன்று நம் எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ் ஒரு சாவி. வங்கிக் கணக்கு, ஆதார், வருமான வரி, பிஎஃப், இமெயில் என்று எல்லாப் பூட்டுக்கும் அதே சாவிதான். வீட்டைப் பூட்டி சாவியைக் கையோடு எடுத்துப் போகிறோம். இந்தச் சாவியை மட்டும் பீரோவில் வைத்துவிட்டு விமானம் ஏறுகிறோம்.

அழைப்பைத் திருப்பலாம்... எஸ்எம்எஸ்ஸை?

‘கால் ஃபார்வர்டிங் போட்டுவிட்டால் போதுமே’ என்று பலர் நினைக்கிறார்கள். அது அழைப்புகளை மட்டுமே வேறு எண்ணுக்குத் திருப்பும். எஸ்எம்எஸ்ஸைத் திருப்பாது. தவிர, இந்த வசதியை மோசடிக்காரர்கள் பயன்படுத்த ஆரம்பித்ததால், நட்சத்திரக் குறியோடு எண்களை அழுத்தி அழைப்பைத் திருப்பும் முறையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறையே உத்தரவிட்டது. யாராவது போனில் கூப்பிட்டு ‘இந்த எண்ணை அழுத்துங்க’ என்றால், அழுத்தவே கூடாது.

‘வாட்ஸ்அப்தான் அங்கேயும் வேலை செய்கிறதே’ என்பது இரண்டாவது நினைப்பு. வைஃபை இருந்தால் வாட்ஸ்அப் எங்கேயும் ஓடும். ஆனால், பணப் பரிமாற்றத்துக்கான ஓடிபியை வங்கி அனுப்புவது பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸில்தான். எஸ்எம்எஸ் என்பது சிம்மைத் தேடி வருவது. சிம் எந்தப் போனில் உயிரோடு இருக்கிறதோ, அங்கேதான் அது வரும்.

ஆக, வெளிநாட்டில் இருந்தபடி ஊர் நம்பருக்கு வரும் மெசேஜைப் பார்க்க நேர் வழி ஒன்றுதான். சிம்மைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதற்கு மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்.

1. சிம் போனுக்குள் இருக்க வேண்டும்

விமான நிலையத்தில் இறங்கியதும் மகன், புதிதாக வாங்கிய உள்ளூர் சிம்மைக் கொடுப்பார். ஊர் சிம்மைக் கழற்றி, ஒரு காகிதத்தில் மடித்து, பர்ஸில் வைப்பார்கள். அது எங்கே போனது என்று திரும்பி வரும்போதுதான் தேடுவார்கள். அப்படிச் செய்யாமல், இரண்டு சிம் போனில் ஊர் சிம்மை ஒன்றிலும் உள்ளூர் சிம்மை மற்றதிலும் போடுங்கள். செட்டிங்ஸில் இன்டர்நெட்டுக்கு உள்ளூர் சிம்மைத் தேர்வு செய்யுங்கள். ஊர் சிம்மில் ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருக்க வேண்டும். இதை மறந்தால் பில் எகிறிவிடும்.

2. சிம் உயிரோடு இருக்க வேண்டும்

28 நாள் ரீசார்ஜ் போட்டுவிட்டு ஆறு மாதத்துக்குக் கிளம்புவதுதான் அதிகம் நடக்கிற தவறு. வேலிடிட்டி முடிந்தால் முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும். பிறகு உள்ளே வருவதும் நிற்கும். டேட்டா இல்லாமல், அழைப்பு மற்றும் எஸ்எம்எஸ் மட்டும் உள்ள திட்டங்களையும் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது. இத்தகைய திட்டங்களின் அதிகபட்ச வேலிடிட்டியையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. வெளிநாட்டில் டேட்டாவுக்கு உள்ளூர் சிம் இருக்கும்போது, ஊர் சிம்முக்கு இந்த மாதிரித் திட்டம் போதும்.

3. ரோமிங் திறந்திருக்க வேண்டும்

சிம் போனில் இருந்தும், ரீசார்ஜ் இருந்தும், அங்கே இறங்கியதும் சிக்னலே வராமல் போகலாம். சர்வதேச ரோமிங் திறக்கப்படவில்லை என்பது பெரும்பாலும் அதற்குக் காரணம். சில நிறுவனங்களில் ரோமிங்கைத் தொடங்கினாலே போதும். சிலவற்றில் அதற்கென ஒரு பேக் போட வேண்டும். வெளிநாட்டில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. ஆனால், வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு. அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்கும் உண்டு.

அதனால் சேவை மையத்தில் நாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “நான் அங்க பேசப் போறதில்ல. எஸ்எம்எஸ் மட்டும் வந்தா போதும். அதுக்குக் குறைஞ்சபட்சம் என்ன செய்யணும்?” இப்படிக் கேட்டால் பெரிய ரோமிங் பேக்கைத் தலையில் கட்டுவதற்கு வாய்ப்பு குறைவு.

பட்டன் போனும் புது ஐபோனும்

டீச்சர் தன் பட்டன் போனை ஊரிலேயே விட்டுப் போனதற்கு ஒரு காரணம் சொன்னார்: “அது அங்க வேலை செய்யாதுன்னாங்க.” சொன்னவர் பொய் சொல்லவில்லை. பழைய பட்டன் போன்கள் பலவும் 2ஜியில் ஓடுபவை. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017-லேயே மூடப்பட்டுவிட்டது. 3ஜியும் 2024-ல் போய்விட்டது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் 3ஜியையே நிறுத்திவிட்டன. ஆனால், அங்கே வேலை செய்யாதது போன்தான். அதற்குள் இருக்கும் சிம் வேலை செய்யும். சிம்மைக் கழற்றி 4ஜி போனில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. மிகப் பழைய சிம் என்றால், சேவை மையத்தில் கொடுத்து 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலும் இருக்கிறது. ‘அம்மா வர்றாங்க’ என்று மகன் ஆசையாகப் புது ஐபோன் வாங்கி வைத்திருப்பார். அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் சிம் கார்டு போடும் இடமே கிடையாது! எல்லாம் இ-சிம்தான். கும்பகோணத்திலிருந்து கொண்டுபோன குட்டி அட்டையை எங்கே செருகுவது?

இதற்கு வழி, ஊரிலேயே சிம்மை இ-சிம்மாக மாற்றிக்கொள்வது. அல்லது பழைய போனையும் கூடவே எடுத்துப்போய், அதில் ஊர் சிம்மை வைத்திருப்பது. இரண்டாவதுதான் பெரியவர்களுக்கு எளிது. இ-சிம்மாக மாற்றுவதென்றால் விமானம் ஏறும் நாளில் செய்யக் கூடாது. சிம்மை மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் சேவையை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2022-ல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருக்கிறது. யாரோ ஒருவர் நம் பெயரில் சிம் வாங்கிப் பணத்தைச் சுருட்டுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒரு வாரம் முன்பே மாற்றி, ஓடிபி வருகிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுவது நல்லது.

‘பக்கத்து வீட்டில் கொடுத்துட்டுப் போலாமா?’

போனைச் சொந்தக்காரரிடமோ எதிர்வீட்டிலோ கொடுத்துவிட்டு, ஓடிபி வந்தால் வாசிக்கச் சொல்வது பலர் வீட்டில் நடக்கிறது. எதிர்வீட்டு அம்மா நல்லவர்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வியும் சரியானது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் தலைபாடாக அடித்துக்கொள்வதற்குக் காரணம், பிரச்னை வந்தால் ‘நீங்களே கொடுத்தீர்களே’ என்று ஆகிவிடும் என்பதுதான். நாளை கணக்கில் ஏதாவது குறைந்தால், உதவி செய்தவர் மீதே சந்தேகம் விழும். பணமும் போகும், முப்பது வருட சிநேகமும் போகும்.

எஸ்எம்எஸ்ஸை இமெயிலுக்கோ வேறு எண்ணுக்கோ தானாக அனுப்பும் செயலிகளும் இருக்கின்றன. அவற்றை நிறுவும்போது உங்களுக்கு வரும் எல்லா மெசேஜையும் படிக்க அனுமதி கொடுக்கிறீர்கள். வங்கிக் கணக்கைக் காலி செய்யும் போலிச் செயலிகள் செய்வதும் இதே வேலையைத்தான். கல்யாணப் பத்திரிகை, மின் கட்டண பில், டிராஃபிக் அபராதம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ ஃபைல்களில் பல, போனில் உட்கார்ந்துகொண்டு எஸ்எம்எஸ்ஸைத் திருடி அனுப்புபவை. வசதிக்காக நாமே ஒரு திருட்டுக் கதவை வைக்க வேண்டாமே.

சிலிண்டர் வாசலில்... நம்பர் சிங்கப்பூரில்!

சிம்மைக் கொண்டுபோனாலும் வீட்டில் இன்னொரு பிரச்னை வரும். பல குடும்பங்களில் எல்லாவற்றுக்கும் அப்பாவின் நம்பர்தான். பேங்க், ஆதார், கேஸ், அம்மாவின் தபால் அலுவலகச் சேமிப்பு என எல்லாம் அந்த ஒரே எண்ணில். அப்பா ஒரு மாதம் சிங்கப்பூர் மகன் வீட்டுக்குப் போகிறார். இங்கே சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்றுகொண்டு, “போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா” என்கிறார். அந்த நம்பர் வந்தது சிங்கப்பூரில் தூங்கிக்கொண்டிருக்கும் அப்பாவின் போனுக்கு.

வெளிநாட்டுப் பயணம் இல்லாவிட்டாலும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. அம்மாவின் கணக்கில் அம்மாவின் எண்தான் இருக்க வேண்டும். அவர் பெயரில் ஒரு சிம், அவர் கையில் ஒரு போன், அதில் வரும் மெசேஜை அவரே படிக்கப் பழக்கம். கணக்கு அவர் பெயரிலும் சாவி வேறொருவர் கையிலும் இருந்தால், அது அவர் கணக்கு ஆகாது. வங்கியில் எண்ணை மாற்றுவதற்குப் பெரும்பாலும் கிளைக்கோ ஏடிஎம்முக்கோ நேரில் போக வேண்டியிருக்கும். நியூ ஜெர்சியிலிருந்து அதைச் செய்வது குதிரைக்கொம்பு. ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

90 நாள் கணக்கு

அமெரிக்கா போகும் பெற்றோர் பெரும்பாலும் ஆறு மாதம் வரை தங்குகிறார்கள். இங்கேதான் 90 நாள் விதி குறுக்கே வருகிறது. ஒரு ப்ரீபெய்டு எண் தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால், நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். மெயின் பேலன்ஸில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணைக் காப்பாற்றித் தர வேண்டும் என்பது டிராய் 2013-ல் கொண்டுவந்த விதி. அன்லிமிடெட் பேக்குக்குக் கட்டும் பணம் இந்தக் கணக்கில் வராது. மெயின் பேலன்ஸுக்கென்று தனியாகப் போட வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம். எண் உங்கள் பெயரில் இருப்பது வேறு, அதற்கு எஸ்எம்எஸ் வருவது வேறு. பேலன்ஸ் எண்ணைக் காப்பாற்றும். எஸ்எம்எஸ் வர வேண்டுமென்றால் வேலிடிட்டி இருக்க வேண்டும்.

துண்டிக்கப்பட்டால் என்ன ஆகும்? குறைந்தது 90 நாள் கழித்து அதே எண் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில் டிராய் இதைத் தெளிவாகவே சொன்னது. பத்துப் பதினைந்து வருடம் நம் பெயரோடு ஒட்டியிருந்த எண், முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். நம் வங்கி மெசேஜும் அவருக்குப் போகும்!

வாட்ஸ்அப்பிலும் ஒரு கவனம் வேண்டும். உள்ளூர் சிம் போட்டதும் ‘எண்ணை மாற்றவா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே தொடரலாம். வாட்ஸ்அப் போன்ற செயலிகள், கணக்கைத் தொடங்கிய சிம் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டிருக்கிறது. ஊர் சிம் போனிலேயே இருப்பது நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

பெட்டி கட்டும் முன்...

ஊறுகாய் பாட்டிலுக்கு டேப் சுற்றும் நேரத்தில் இந்த வேலைகளையும் முடித்துவிடலாம்.

- எந்த எண் எதில் பதிவாகியிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். வங்கி, ஆதார், பென்ஷன், கேஸ், இன்ஷூரன்ஸ், இமெயில்.

- அந்த எண்ணின் சிம், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் போனில் இருக்கட்டும். தங்கும் காலத்தைவிட ஒரு மாதம் கூடுதலாக வேலிடிட்டி இருக்கட்டும்.

- சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே தொடங்கிவிடுங்கள்.

- வங்கியில் இமெயில் முகவரியைப் பதிவு செய்யுங்கள். சில வங்கிகள் இமெயிலுக்கும் ஓடிபி அனுப்புகின்றன. சில வங்கிகளில் ஓடிபிக்கென்றே தனிச் செயலி உண்டு. உங்கள் வங்கியில் எது இருக்கிறது என்று கிளையில் கேளுங்கள்.

- யுபிஐ செயலியைக் கிளம்பும் முன்பே போனில் பதிவு செய்துவிடுங்கள். புதுப் போனில் பதிவு செய்தால், ஊர் சிம்மிலிருந்து அது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லும். வெளிநாட்டில் அது செலவு, தொல்லை.

- 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் வெளிநாட்டிலிருந்து பொதுவாகக் கிடைக்காது. +91 போட்டுக் கூப்பிடக்கூடிய வங்கி எண்ணை டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், போன் தொலையும்போது எண்ணும் தொலையும்.

- சிம்முக்கு ஒரு பின் எண்ணும், போனுக்குப் பூட்டும் போடுங்கள். போன் தொலைந்தால் முதல் வேலை சிம்மை முடக்கச் சொல்வது, அடுத்தது வங்கிக்குச் சொல்வது.

- அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாளே நெட் பேங்கிங்கில் நுழைந்து, ஓடிபி வருகிறதா என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். அவசரம் இல்லாத நாளில் பிரச்னை தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும். நள்ளிரவில் தம்பிக்கு நெஞ்சுவலி என்று போன் வரும்போது தெரிந்தால்?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ‘அம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம், நாமதான் இருக்கோமே’ என்பது அன்பில் வரும் பேச்சுதான். ஆனாலும் அவர்கள் சம்பாதித்த காசை அவர்கள் கையால் செலவழிக்க ஒரு சிம் கார்டு தடையாக இருக்க வேண்டாம். டிக்கெட் போடும் அன்றே இந்தப் பட்டியலையும் உட்கார்ந்து முடித்துக் கொடுங்கள். ஒரு மணி நேர வேலை.

டிங்!

பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு டீச்சர் மறுபடியும் நியூ ஜெர்சி போனார். இந்தத் தடவை பட்டன் போன் பீரோவில் இல்லை, அதை வேலைக்கார அம்மாவின் பேரனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். பழைய சிம் ஸ்மார்ட்போனின் இரண்டாவது இடத்தில் ஏறியிருந்தது. வேலிடிட்டி ஒரு வருடத்துக்கு. கண்ணாடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கியது.

மாதக் கடைசி. இரவு பதினோரு மணி. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது, மேஜை மேல் ‘டிங்’ என்று ஒரு சத்தம்.

“என்னம்மா, இந்த நேரத்துல மெசேஜ்?” என்றாள் மகள்.

“பென்ஷன் வந்துடுச்சு” என்றார் டீச்சர். குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். தம்பியின் மருந்துச் செலவுக்கு மாதா மாதம் அனுப்புகிற மூவாயிரம் ரூபாய். திரையில் ஓடிபி கேட்டது. போனைப் பார்த்து ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

ஒன்றுகூடத் தப்பில்லை.